ரூட்டருக்கு ஒரு குட்டி பேட்டரி

கரண்ட் போனால் கிணற்று மோட்டார் நிற்கும். அதற்கு நாம் எல்லோரும் பழகிவிட்டோம். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற வைஃபை பெட்டியும் கூடவே நிற்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் பக்கம் அது பெரிய விஷயம்.

எங்கள் தோட்டம் தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. செல்போன் கோபுரம் மேட்டுக்கு அந்தப் பக்கம். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு கூட நிற்காது. ஃபைபர் லைன் வந்த பிறகு போனில் ‘வைஃபை காலிங்’ வசதியைப் போட்டுக்கொண்டு, சாதாரணப் பேச்சைக்கூட அந்தப் பெட்டி வழியாகத்தான் பேசுகிறோம். ஆக, பெட்டி நின்றால் போனும் நின்றது. 84 வயது மாமியார் எங்களோடு இருக்கிறார். ஆனி, ஆடிக் காற்றில் நடுராத்திரி ஒரு கொப்பு முறிஞ்சு லைனில் விழுந்தால், லைன்மேன் விடிஞ்ச பிறகுதான் வந்து எடுக்க முடியும். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்தக் காற்றில் யார் கம்பம் ஏறுவது? ஆனால் அந்த ராத்திரியில் அம்மாவுக்கு மூச்சு முட்டினால், ஆட்டோக்காரத் தம்பியைக் கூப்பிட முக்கால் கிலோமீட்டர் வரப்பில் நடந்து மெயின் ரோட்டுக்கு வரணும். பாம்பு நடமாடுகிற நேரம் வேற.

இன்னொன்று, நம்ம தொழில் சம்பந்தப்பட்டது. எங்களிடம் அரிசியும் காய்கறியும் வாங்குகிற குடும்பங்கள் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவார்கள். சனிக்கிழமை விடியற்காலை பறிப்பு. பட்டியல் வந்து சேரவில்லை என்றால் குத்துமதிப்பாகப் பறிக்க வேண்டியதுதான். கீரை மிஞ்சும், கத்தரிக்காய் பத்தாது. ரசாயனக் கடைக்காரனை விட்டு வெளியே வந்த நமக்கு, நேரடியாக வாங்குகிறவர்களோடு இருக்கிற தொடர்புதான் சந்தை. அது ஒரு கொப்பு முறிவதை நம்பி இருக்கக் கூடாது.

போன மாதக் கூட்டத்தில் நான் செய்து வைத்திருக்கிற பேட்டரிப் பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. மூணு நாலு பேர் விவரம் கேட்டார்கள். எழுதியே கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி என்றார்கள். நான் எலக்ட்ரிக்கல் படித்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்தவன். ஆனால் இந்த வேலையில் பாதிக்கு மேல் கணக்குத்தான். கணக்கு சரியாக வந்துவிட்டால் மிச்சம் இருப்பது நாலு ஒயர்.

லைன் உயிரோடு இருக்கிறதா?

முதலில் இதைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கூடச் செலவு செய்யாதீர்கள். பழைய தொலைபேசி ஞாபகம் இருக்கிறதா? ஊரே இருட்டாக இருக்கும்போதும் அது அடிக்கும். காரணம், செம்புக் கம்பி வழியாக எக்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. ஃபைபரில் அப்படி இல்லை. கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் வரும், மின்சாரம் வராது. வெளிச்சத்தை வாங்கி நமக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற பெட்டிக்கு நம் வீட்டில்தான் கரண்ட் கொடுக்கணும்.

அதே ஃபைபருக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. எக்சேஞ்சிலிருந்து நம் வீடு வரைக்கும் நடுவில் எந்த இடத்திலும் அதற்குக் கரண்ட் தேவையில்லை. ஒரு இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஸ்பிளிட்டர் கூட வெறும் கண்ணாடிதான். அதனால் அந்த முனையில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருந்து, இந்த முனையில் நாமும் பெட்டியை ஓட வைத்தால், நடுவில் பத்து கிராமம் இருட்டாக இருந்தாலும் நெட் வரும். ஆனால் எல்லா லைனும் இப்படி அமைந்தது இல்லை. சில கேபிள்காரர்கள் தெருமுனைக் கம்பத்தில் கரண்டில் ஓடுகிற ஒரு பெட்டியை வைத்து, அங்கிருந்து வீடுகளுக்கு ஒயர் இழுத்திருப்பார்கள். அந்தக் கம்பத்தில் கரண்ட் போனால் நீங்கள் வீட்டில் என்ன பேட்டரி வைத்தும் பயனில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். கரண்ட் போகிற ஒரு நாளில், யாரிடமாவது ஒரு கம்ப்யூட்டர் யு.பி.எஸ். இரவல் வாங்கி அதில் பெட்டியைச் செருகுங்கள். ‘பி.ஓ.என்.’ என்கிற பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. ‘எல்.ஓ.எஸ்.’ என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். ஒரு தடவை பார்த்தால் போதாது. கரண்ட் போன உடனே ஒரு தடவை, மூணு மணி நேரம் கழித்து ஒரு தடவை, முடிந்தால் கரண்ட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தடவை பாருங்கள். அந்த முனைப் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது என்றால், இங்கே எட்டு மணி நேரத்துக்குக் கட்டுவது வீண் செலவு. எங்கள் லைன் நாள் முழுக்க நிற்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் வேலையில் இறங்கினேன்.

எவ்வளவு சாப்பிடுகிறது?

எங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள். ஒன்று ஃபைபர் பெட்டி, இன்னொன்று வைஃபை ரூட்டர். இரண்டின் அடாப்டரிலும் ‘12 வோல்ட், 1 ஆம்பியர்’ என்று அச்சடித்திருக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கலாம். எப்படி இருந்தாலும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். சிலது 9 வோல்ட், சிலது 5 வோல்ட். 12 இல்லாத பெட்டிக்குத் தனியாக ஒரு சின்ன மாற்றுப் பலகை வேண்டியிருக்கும்.

அடாப்டரில் போட்டிருப்பது அதிகபட்சம் கொடுக்கக்கூடிய அளவு. பெட்டி உண்மையில் எடுப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும். கடன் வரம்பு ஒரு லட்சம் என்றால் எல்லோரும் ஒரு லட்சமும் எடுத்துவிடுவதில்லையே, அந்த மாதிரி. அதனால் அளந்து பார்க்கணும். ஒரிஜினல் அடாப்டர் ஒயரை வெட்ட வேண்டாம். கேமரா பொருள் விற்கிற கடையில் ஒயரோடு சேர்ந்த பின்னும் சாக்கெட்டும் ஜோடியாகக் கிடைக்கும். அதை நடுவில் போட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து, கரண்ட் மீட்டர் வழியாகப் போகிற மாதிரி இணைத்தால் அளவு தெரியும். பின் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். வெளிவிட்டம் எல்லாம் 5.5 மி.மீ. தான், ஆனால் உள்துளை 2.1 என்றும் 2.5 என்றும் இரண்டு வகை இருக்கிறது. மாறிப்போனால் லூசாக நின்று, பெட்டி அடிக்கடி தானாக அணைந்து எரியும். நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

எங்கள் ஃபைபர் பெட்டி 0.4 ஆம்பியர், ரூட்டர் 0.5 ஆம்பியர் எடுத்தது. மொத்தம் 0.9. இதை 12 வோல்ட்டால் பெருக்கினால் 10.8, சுமாராக 11 வாட் என்று வச்சுக்குவோம். ஒரு எல்.இ.டி. பல்பு அளவுதான்.

எத்தனை மணி நேரத்துக்கு வேண்டும்? நான் வைத்துக்கொண்ட அளவுகோல் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பேப்பரில் போடுவார்களே, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை என்று, அந்த எட்டு மணி நேரம். ராத்திரி போய் விடிஞ்சு வருவதும் ஏறக்குறைய அதற்குள் அடங்கிவிடும்.

இப்போது கணக்கு. 11 வாட், 8 மணி நேரம்: 88 வாட்-மணி. இது நமக்குக் கைக்கு வர வேண்டிய தொகை. பேட்டரி வோல்ட்டை 12-க்குச் சரிசெய்கிற பலகை நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பிடித்தம் செய்யும். 13 என்று வைத்தால் 101 வாட்-மணி எடுத்தால்தான் 88 கைக்கு வரும். அதோடு குறைந்தபட்ச இருப்பு என்று ஒன்று வைக்கணும். பேட்டரியை அடிவரைக்கும் சுரண்டினால் ஆயுள் குறையும். ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் உள்ளேயே விடுவது என்று வைத்தால், 126 வாட்-மணிப் பேட்டரி வேண்டும்.

வாட்-மணியில்தான் கணக்குப் போடணும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற சின்ன ரூட்டர் யு.பி.எஸ். பெட்டிகளில் சிலதில் ‘8,800 மில்லி ஆம்பியர்-மணி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 8.8-ஐ நம் 0.9 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் வருகிறது, பிரமாதம் என்று தோன்றும். உள்ளே இருப்பது 2,200 அளவுள்ள நாலு செல். நாலையும் கூட்டித்தான் அந்த 8,800. ஒவ்வொரு செல்லும் 3.7 வோல்ட்தான், 12 இல்லை. 8.8-ஐ 3.7 ஆல் பெருக்கினால் 32.6 வாட்-மணி. நம் 11 வாட்டுக்குப் பிடித்தம் போக இரண்டரை மணி நேரம். அச்சடித்தது பொய் இல்லை. ஆனால் வாகனக் கடனுக்கு ‘பிளாட் ரேட்’ வட்டி சொல்கிறவர்களும் பொய் சொல்வதில்லை. பிளாட் ரேட்டில் 10 சதவீதம் என்பது குறையும் நிலுவையில் கணக்குப் போட்டால் 18-ஐ ஒட்டி வந்து நிற்கும். கவுண்டரில் உட்கார்ந்து இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! அதே வித்தைதான் இது. இரண்டரை மணி நேரம் போதும் என்கிறவர்கள் தாராளமாக ரெடிமேட் பெட்டியே வாங்கிக்கொள்ளலாம், அவர்கள் இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திவிடலாம்.

வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கே என்று கேட்பீர்கள். இருந்தால் அதில் செருகுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே நடப்பதைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியை 230 ஆக்கி, அந்த 230-ஐ அடாப்டர் மறுபடி 12 ஆக்குகிறது. நெல்லை அரிசியாக்கி விற்று, அரிசியை விற்ற கடையிலேயே நெல் வாங்குகிற மாதிரி. இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கே பத்துப் பதினைந்து வாட் எடுத்துக்கொள்ளும், நம் ரூட்டர் சாப்பிடுவதைவிட அது அதிகம். அதைவிட முக்கியம், இன்வெர்ட்டர் பேட்டரி ஃபேனுக்கும் டி.வி.க்கும் பொதுச் சொத்து. ராத்திரி மூணு மணிக்கு அது தீர்ந்துபோகும்போது ரூட்டரும் சேர்ந்துதான் போகும். போனுக்கு என்று தனியாக ஒரு கணக்கு இருப்பது நல்லது.

எந்தப் பேட்டரி?

பேட்டரி கடைக்காரர் முதலில் காட்டுவது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.க்குள் இருக்கிறதே, அதுதான். விலை குறைவு, இணைப்பதும் சுலபம். 84 வாட்-மணி இருக்கும். ஆனால் ஈய பேட்டரியில் பாதிக்குக் கீழே இறங்கினால் சீக்கிரம் கெடும். பாதி என்றால் 42. நம் பெட்டிகளுக்கு மூணு மணி நேரம் சொச்சம். எட்டு மணிக்கு வேண்டுமென்றால் மூன்று வாங்கணும். அதோடு ஈயத்துக்கு வெயில் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. நம் சித்திரை மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, லேப்டாப்பில் வருகிற 18650 லித்தியம் அயன் செல். எடை குறைவு, அளவு சிறிது. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்து உபயோகிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். எத்தனை வருடம் உழைத்தது, எங்கே அடிபட்டது என்று சரித்திரம் தெரியாத செல், ஆளில்லாத வீட்டில், ஓலையும் வைக்கோலும் இருக்கிற இடத்தில் இரவும் பகலும் சார்ஜில் கிடப்பது சரியில்லை. தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம்.

நான் எடுத்துக்கொண்டது மூன்றாவது வகை, லித்தியம் இரும்பு பாஸ்பேட். கடையில் ‘லைஃபோ-4’ என்றும் ‘பாஸ்பேட் செல்’ என்றும் கேட்டால் தெரியும். சோலார் தெருவிளக்குக்குள் இருப்பது இதுதான். மற்ற லித்தியத்தைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் சூட்டைத் தாங்கும், சட்டென்று தீப்பிடிக்கிற குணம் இல்லை. இரண்டாயிரம் தடவைக்குக் குறையாமல் ஏற்றி இறக்கலாம். இந்தச் சேர்மத்தைப் பேட்டரிக்கு உகந்தது என்று 1997-ல் வெளியிட்டது அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் குடினஃப் குழு. அவருக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது வயது 97. அவர் சார்பில் நோபல் உரையை வாசித்தவர், தென் தமிழகத்துச் சிற்றூரில் பிறந்து மதுரையில் வேதியியல் படித்த ஆறுமுகம் மந்திரம். குடினஃபோடு நெடுங்காலம் உழைத்தவர் அவர். பேட்டரிப் பெட்டியைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும், அதனால் சொன்னேன்.

32650 என்ற அளவுள்ள பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி, அதாவது 19.2 வாட்-மணி. எட்டு செல் வாங்கினால் 153.6. நமக்கு வேண்டியது 126. கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லதுதான், வருடம் போகப் போகக் குறையுமே.

கட்டுவது

230 வோல்ட் பக்கம் நம் கை போகவே வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கிற பழைய லேப்டாப் சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். 19 வோல்ட், மூணு ஆம்பியர் சொச்சம், 65 வாட். அது மூடி வந்த பொருள், அதற்குப் பிறகு வருவதெல்லாம் தொட்டால் ஷாக் அடிக்காத டி.சி.

எட்டு செல்லை இரண்டிரண்டாகப் பக்கம் பக்கமாக இணைத்து நாலு ஜோடி ஆக்கணும். பிறகு அந்த நாலு ஜோடியை வரிசையாக இணைத்தால் 12.8 வோல்ட். ஜோடி சேர்க்கும் முன் ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சேர்க்காதீர்கள். செல்லின் மேல் நேரடியாக சால்டரிங் வைக்கக் கூடாது, சூடு உள்ளே இறங்கிவிடும். முனையில் திருகு வைத்த செல் கிடைக்கிறது. அல்லது கடையிலேயே நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்து தருவார்கள். வேலையில் உட்காரும் முன் மோதிரம், காப்பு எல்லாம் கழற்றிவிடுங்கள். ஷாக் அடிக்காதுதான், ஆனால் இரண்டு முனையிலும் உலோகம் பட்டால் அது பழுத்துவிடும்.

இதற்கு மேல் பி.எம்.எஸ். என்று ஒரு காவல் பலகை வேண்டும். அளவுக்கு மேல் ஏறாமலும், அடிவரைக்கும் இறங்காமலும் வெட்டிவிடுவது அதன் வேலை. வாங்கும்போது ‘நாலு செல், பாஸ்பேட்டுக்கு உள்ளது’ என்று சொல்லிக் கேளுங்கள். லித்தியம் அயனுக்கு உள்ள பலகையும் பார்க்க அச்சாக இதே மாதிரி இருக்கும். ஆனால் அது ஒரு செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் வெட்டும். பாஸ்பேட் செல் 3.65-க்கு மேல் போகவே கூடாது. இந்த ஒரு இடத்தில் அசட்டையாக இருக்க முடியாது. பலகையின் மெல்லிய ஒயர்களைச் செருகும் முன், கழித்தல் முனையிலிருந்து ஒவ்வொன்றாக அளந்தால் 3.2, 6.4, 9.6, 12.8 என்று படிப்படியாக வரணும். வரிசை மாறினால் பலகை அந்த நிமிஷமே போய்விடும்.

லேப்டாப் சார்ஜருக்கும் பேட்டரிக்கும் நடுவில் இரண்டு திருகு உள்ள ஒரு சின்னப் பலகை வைக்கணும். ஒரு திருகு வோல்ட்டைக் கட்டுப்படுத்தும், இன்னொன்று ஆம்பியரை. கடையில் ‘சி.சி.சி.வி. மாட்யூல், 5 ஆம்பியர்’ என்பார்கள். அதிலிருந்து பேட்டரிக்குப் போகிற வழியில் 5 ஆம்பியர் ஷாட்கி டயோடு ஒன்று போடுங்கள். கரண்ட் போன நேரத்தில் பேட்டரி தண்ணி பின்னாடி அந்தப் பலகைக்குள் ஏறாமல் தடுக்கிற கதவு அது, பம்ப்செட்டில் ஃபுட்வால்வு மாதிரி. டயோடு கொஞ்சம் வோல்ட்டைத் தின்னும். அதனால் டயோடுக்கு அந்தப் பக்கம், ரூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, பேட்டரியை இணைக்கும் முன் அளந்து 13.8 வோல்ட் வைக்கணும். ஆம்பியரை 3-ல் நிறுத்துங்கள். ரூட்டருக்கு ஒன்று போக, பேட்டரிக்கு இரண்டு போகும். மெதுவாக ஏறுவது செல்லுக்கு நல்லது.

பாஸ்பேட் பேட்டரிக்கு 14.6 வோல்ட் சார்ஜர் என்று கடையில் தருவார்கள், அதை ஏன் போடவில்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். அந்தச் சார்ஜர் பேட்டரியை நிரப்பிவிட்டு, கரண்ட் குறைந்ததும் தானாக நிறுத்திக்கொள்ள அமைத்தது. நம் அமைப்பில் ரூட்டர் எப்போதும் இழுத்துக்கொண்டே இருப்பதால் அது நிறைந்துவிட்டது என்றே அதற்குத் தெரியாது. நாள் முழுக்க 14.6-லேயே பிடித்து வைத்திருக்கும், செல் சீக்கிரம் கிழடாகும். 13.8-ல் ஏறக்குறைய நிறைந்தும்விடும், வருடக்கணக்கில் கிடந்தாலும் கெடாது.

பேட்டரியின் கூட்டல் முனையில் 5 ஆம்பியர் ஃபியூஸ், பைக் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் கிடைக்கிற தட்டை ஃபியூஸ்தான். அதற்கு அடுத்து ஒரு பக்-பூஸ்ட் பலகை. பேட்டரி 13.8-லிருந்து 11 வரைக்கும் ஏறி இறங்கினாலும் வெளியே நிலையாக 12 கொடுப்பது இதன் வேலை. ‘பக்’ மட்டும் உள்ள பலகை இங்கே உதவாது. பேட்டரி 12-ஐ நெருங்கியதும் அதனால் 12 கொடுக்க முடியாமல் போகும். ரூட்டரைச் செருகும் முன் இந்தப் பலகையை மீட்டரில் பார்த்து 12 வோல்ட்டுக்குத் திருப்பி வைத்துவிடுங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது எந்த அளவில் வேண்டுமானாலும் இருக்கும், 20-ல் கூட இருக்கலாம். சிலர் பலகையே இல்லாமல் பேட்டரியை நேராக ரூட்டரில் கொடுக்கிறார்கள், ஓடவும் செய்கிறது. இருநூறு முந்நூறு ரூபாயை மிச்சப்படுத்த இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டியைப் பணயம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இந்த அமைப்பில் மாற்று சுவிட்ச் என்று எதுவும் இல்லை. கரண்ட் இருக்கும்போது சார்ஜரே இரண்டு பேருக்கும் ஊட்டுகிறது. போன நொடியில் பேட்டரி எடுத்துக்கொள்கிறது. ரூட்டருக்குச் செய்தியே போகாது.

சால்டரிங் வேலையை எங்கள் ஊர் டி.வி. மெக்கானிக் தம்பியிடம் கொடுத்தேன். “அண்ணாச்சி, இதுல என்ன இருக்கு, ஒரு மணி நேர வேலை” என்று வாங்கினான். டி.வி. ரிப்பேருக்கு ஆள் வருவது குறைந்துபோன காலம். அந்தத் தம்பி இப்போது எங்கள் சுற்றில் ஐந்து வீட்டுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறான். எனக்கு அவன் கூலியும் சேர்த்து 3,600 ரூபாய் ஆனது, லேப்டாப் சார்ஜர் என் மகனுடைய பழசு. ஏதாவது ஒரு பலகை போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், நூறு இருநூறு ரூபாய். மூடி ஒட்டிய ரெடிமேட் பெட்டியில் அது முடியாது.

பெட்டிக்குப் பழைய யு.பி.எஸ். கூடு போதும். காற்றோட்டத்துக்கு ஓட்டை வேண்டும், ஓட்டைக்குக் கொசுவலைக் கம்பி வேண்டும். இல்லையென்றால் எறும்பு குடிவந்துவிடும். எறும்பும் பல்லியும் கெடுத்த எலக்ட்ரானிக் சாமான் கிராமத்தில் கணக்கில்லாமல் உண்டு. தகரக் கூரைக்கு அடியில் மாட்டாதீர்கள். கைக்கு எட்டுகிற உயரத்தில், நிழல் சுவரில் இருக்கட்டும்.

இடி இடிக்கும்போது

இப்படி ஒரு பயன் இருக்கும் என்று நினைத்து இதைக் கட்டவில்லை, ஆனால் இப்போது எங்களுக்கு முக்கியமானது இதுதான். ஐப்பசி இடிமழையில் எங்கள் பக்கம் வருடத்துக்கு ஐந்தாறு வீட்டில் ரூட்டர் கருகும். மின்னல் நேராக வீட்டில் விழ வேண்டியதே இல்லை. தூரத்தில் மின்கம்பியில் விழுந்தாலே அந்த அதிர்ச்சி அடாப்டர் வழியாக உள்ளே வந்துவிடும். வானம் உறுமினால் பிளக்கைப் பிடுங்கிவிடணும் என்று எல்லோருக்கும் தெரியும். பிடுங்கினால் போன் போய்விடுமே என்று விட்டுவைக்கிறோம்.

இப்போது நாங்கள் முதல் உறுமலிலேயே லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிடுகிறோம். மின்கம்பியோடு வீட்டுப் பெட்டிகளுக்கு எந்தத் தொடர்பும் இல்லை, ஆனால் நெட் ஓடுகிறது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்தப் பக்கமும் பயம் குறைவு. ஒன்று மட்டும் பாருங்கள். வெளியிலிருந்து வருகிற ஃபைபர் ஒயரோடு தாங்கலுக்கு ஒரு இரும்புக் கம்பி ஒட்டியிருக்கும். அதை வெளிச்சுவர்க் கொக்கியிலேயே கட்டி வெட்டிவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். நிறைய வீட்டில் கம்பியோடவே உள்ளே இழுத்துவிடுகிறார்கள்.

சோதனையும் பராமரிப்பும்

கட்டி முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். 13.8 வோல்ட் கொஞ்ச நேரத்திலேயே 13.2-க்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மேலே நிற்கிற நுரை அடங்குகிற மாதிரி. அதற்குப் பிறகு மதியம் வரை 13.1, 13.0 என்று அசையவே இல்லை. மாலை நாலரை மணிக்கு, ஒன்பதரை மணி நேரம் ஓடிய பிறகு, 12.8. அதோடு நிறுத்திக்கொண்டேன். மறுபடி நிறைய ஆறு மணி நேரம் ஆனது. பாஸ்பேட் பேட்டரியில் வோல்ட்டைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்வது கஷ்டம். நடுவில் சமதரையாகவே போகும், கடைசியில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கும். அதனால் மணிக்கணக்குத்தான் நம்பகம்.

முழுக்கச் சூரியனிலேயே ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். 24 மணி நேரத்துக்கு 264 வாட்-மணி வேண்டும். அதற்கு 100 வாட் பேனலும், இதைப்போல இரண்டு மடங்கு பேட்டரியும், பாஸ்பேட்டுக்கு என்று அமைத்த சோலார் கன்ட்ரோலரும் வேண்டும். மின் இணைப்பே இல்லாத தோட்டத்துக்கு அது சரி. எங்கள் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் வாரக்கணக்கில் வெயில் முகம் தெரியாது, அதனால் நான் அதில் இறங்கவில்லை.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. மாதாந்திர மின்தடை நாளே மாதச் சோதனை. நாலு மாதத்துக்கு ஒருமுறை வோல்ட் திருகை 14.4-க்கு ஏற்றி ஒரு பகல் வைத்துவிட்டு, மறுபடி 13.8-க்கு இறக்குகிறேன். 13.8-லேயே கிடந்தால் செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு சேரும், பி.எம்.எஸ். அதைச் சமன் செய்ய அந்த உயரம் வேண்டியிருக்கிறது. அப்போதே நாலு ஜோடியையும் தனித்தனியாக அளந்து நோட்டில் எழுதுகிறேன். ஒரு ஜோடி மட்டும் மற்றதைவிட இறங்கிக்கொண்டே வந்தால் அதில் ஒரு செல் போகப்போகிறது.

போன செல்லை எருக்குழியிலோ குப்பை எரிக்கிற இடத்திலோ போடாதீர்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தயாரிக்கிறவர்களும் இறக்குமதி செய்கிறவர்களும் பழையதைத் திரும்பச் சேகரிக்கக் கடமைப்பட்டவர்கள். வாங்கின கடை பில்லை பெட்டிக்குள்ளேயே ஒரு பாலித்தீன் உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். பழசைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்கள்.